தக்கலையிலிருந்து டொரண்டோ: அம்மாவை எந்த வழியாக அனுப்புவது?

விசா வந்துவிட்டது என்று தங்கச்சி டொரண்டோவிலிருந்து கூப்பிட்டுச் சொன்ன அன்று ராத்திரி, அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "எத்தன தடவ ஏறி எறங்கணும் மக்களே?"

டிக்கெட் என்ன விலை, எத்தனை மணி நேரம் என்றெல்லாம் கேட்கவில்லை. அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது. சர்க்கரைக்கு ராத்திரி ஒரு இன்சுலின் ஊசி. படி என்றாலே முகம் மாறும். அவளுக்குப் பயணம் என்பது பஸ்ஸின் மூன்று படிகள், ரயில் பெட்டியின் உயரம், பிளாட்பாரம் மாறும் பாலம் இவைதான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் நான் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்று பிள்ளைகள் கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இல்லாத தெருவே இல்லை. பேறுகாலம் பார்க்கவும் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் அம்மாமார் தனியாகக் கிளம்பவேண்டி வருகிறது. யாருக்காவது உதவும்.

முதலில் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். மார்த்தாண்டத்தில் டிக்கெட் போடுகிறவர், சென்னை போய் லண்டன் வழியாகப் போனால் விலை குறைவு என்றார். பெங்களூரில் இருக்கும் அத்தான், டெல்லி போனால் அங்கிருந்து டொரண்டோவுக்கு ஒரே விமானம், நம்மூர்க் கம்பெனி, சாப்பாட்டுக்கும் கவலையில்லை என்றார். பக்கத்து வீட்டு அண்ணன் இருபது வருஷம் துபாயில் இருந்தவர். அவர் யோசிக்கவே இல்லை: "திருவனந்தபுரத்துல ஏத்தி விடு, துபாய்ல மாறட்டும். வேற எங்கயும் கொண்டு அலையாதே."

மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எது நமக்குச் சரி என்று பார்க்க, தூரத்திலிருந்து தொடங்கினேன்.

வீட்டில் மகனின் உலக உருண்டை ஒன்று உண்டு. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு நூலை எடுத்து, ஒரு முனையைத் திருவனந்தபுரத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன். மறு முனையை டொரண்டோவில் வைத்து நூலை இறுக்கினேன். சுவரில் மாட்டும் படத்தைப் பார்த்துப் பழகியதால், நூல் அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போகும் என்றுதான் நினைத்திருந்தேன். இறுக்க இறுக்க நூல் வடக்கே வழுக்கிக்கொண்டு போனது. நம் மேற்குக் கடற்கரையை ஒட்டி ஏறி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஆரல் கடல் பக்கம், பிறகு ரஷ்யா, ஸ்வீடனின் வட பகுதி, கிரீன்லாந்து என்று ஏறி இறங்கி டொரண்டோவுக்கு வந்து நின்றது. உருண்டையில் இரண்டு ஊருக்கு இடையே மிகக் குறைந்த தூரம் இப்படித்தான் வளைந்து போகும். அந்தக் கோட்டின் உச்சி கிட்டத்தட்ட 70 பாகை வடக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே. குமரி முனையில் பிறந்தவள் பேத்தியைப் பார்க்கப் போகும் நேர்வழி வட துருவத்துக்குப் பக்கத்தில் போகிறது என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. நூலை அவள் விரலிலேயே கொடுத்து இறுக்கச் சொன்னேன். "ஆமாலே, பனிக்குள்ளயில்லா போகுது" என்றாள்.

அந்த நூலின் நீளம் சுமார் 13,750 கிலோமீட்டர். இடையில் நிற்காமல் பறக்க விமானத்துக்கு முடியாத தூரம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறார்கள். திருவனந்தபுரத்துக்கும் டொரண்டோவுக்கும் அப்படி ஒரு விமானம் இல்லை, அவ்வளவுதான். ஆகவே எங்காவது ஓரிடத்தில் இறங்கி மாறித்தான் ஆகவேண்டும். எங்கே மாறினால் எவ்வளவு சுற்று என்பதுதான் அடுத்த கேள்வி.

திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர், துபாயிலிருந்து டொரண்டோ சுமார் 11,080. கூட்டினால் 14,030. நூல் காட்டிய தூரத்தைவிட வெறும் 280 கிலோமீட்டர்தான் அதிகம். அபுதாபி வழியும் ஏறக்குறைய அதேதான், தோஹா வழி இன்னும் ஒரு நூறு கிலோமீட்டர் கூடுதல். டெல்லி வழியில் திருவனந்தபுரம்–டெல்லி 2,230, டெல்லி–டொரண்டோ 11,640, மொத்தம் 13,870. காகிதத்தில் பார்த்தால் எல்லாவற்றிலும் குறைவு டெல்லிதான். லண்டன் வழி என்றால் சென்னை–லண்டன் 8,230, லண்டன்–டொரண்டோ 5,710; நாம் சென்னைக்குப் போய்ச் சேரும் தூரத்தை ஆகாயக் கணக்கில் ஒரு 610 என்று போட்டாலும் மொத்தம் 14,550 வருகிறது.

ஆக, பறக்கும் தூரத்தில் மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே 700 கிலோமீட்டர்கூட இல்லை. விமான வேகத்தில் அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கிலோமீட்டரை வைத்து முடிவெடுக்க வழியே இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. வித்தியாசமெல்லாம் தரையில்தான்: வீட்டிலிருந்து விமான நிலையம்வரை போவதிலும், மாறும் இடத்தில் காத்திருப்பதிலும்.

அதனால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை மணிக்கணக்குப் போட்டேன்.

திருவனந்தபுரம் விமான நிலையம் தக்கலையிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர். மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் வண்டி ஊரும். காரோடு என்ற ஊரைத் தாண்டி பைபாஸில் ஏறிவிட்டால் கோவளம் பக்கமாக நேரே சாக்கை, அதாவது சர்வதேச முனைய வாசல். நகரத்துக்குள் நுழைய வேண்டியதே இல்லை. நெரிசலையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொண்டால் பயமில்லை. அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக நிற்கவேண்டும். பிறகு துபாய்க்கு நாலு மணி நேரம், அங்கே நாலு மணி நேரக் காத்திருப்பு, டொரண்டோவுக்குப் பதினாலு மணி நேரம். இறங்கிக் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து, தங்கச்சி வீடு இருக்கும் ஸ்கார்பரோ போய்ச்சேர இரண்டே கால் மணி நேரம். மொத்தம் முப்பது மணிக்குக் கொஞ்சம் குறைவு. விமானத்தில் ஏறுவது இரண்டு தடவை, இறங்குவது இரண்டு தடவை.

சென்னை வழிக்கு வருவோம். 2024-ல் வந்த நாகர்கோவில்–சென்னை வந்தே பாரத்தில் ஒன்பது மணி நேரம். பிற்பகலில் கிளம்பி ராத்திரி சென்னை. (இந்த வழியில் போகிறவர்கள் எழும்பூர்வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிவிடுவது நல்லது, விமான நிலையம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.) கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் என்றால் ராத்திரி முழுக்க ரயில், விடிகாலை சென்னை, அதற்குப் பிறகு விமான நேரம்வரை எங்காவது அறை எடுக்கவேண்டும். வந்தே பாரத்தில் போய் விடியற்காலை விமானத்தைப் பிடிப்பதாக வைத்தாலும், வீட்டை விட்டுக் கிளம்பிப் பதினைந்து மணி நேரம் கழித்துத்தான் அம்மா தமிழ்நாட்டு மண்ணை விட்டு எழும்புவாள். துபாய் வழியில் போனால் அந்நேரம் துபாயும் தாண்டியிருப்பாள். பிறகு லண்டனுக்குப் பத்தரை, பதினோரு மணி. அங்கே மூன்று மணி காத்திருப்பு. டொரண்டோவுக்கு எட்டு மணி. மொத்தம் நாற்பதுக்குப் பக்கம் வருகிறது. ரயிலையும் காரையும் சேர்த்து ஏறி இறங்குவதை எண்ணிச் சொன்னபோது, அம்மா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள். ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. நமக்கு அது பெரிய வரம்தான். ஆனால் தக்கலையிலிருந்து அது இருக்கும் வாகைக்குளம் போகிற நேரத்துக்குத் திருவனந்தபுரம் முன்னாலேயே வந்துவிடும், அங்கிருந்து சென்னை போய் மறுபடியும் மாறவேண்டும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம். மதுரையும் கொச்சியும் நம் மேற்குப் பகுதிக்குத் தூரம், அவற்றைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை.

டெல்லி வழியை மட்டும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. தூரம் குறைவு, நம் நாட்டுக்குள்ளேயே மாற்றம், திருவனந்தபுரத்திலிருந்து மூன்றே கால் மணி நேரத்தில் டெல்லி. ஆனால் நூல் போன வழியை நினைத்துப் பாருங்கள்: டெல்லியிலிருந்து மேற்கே போகும் எந்த நேர்வழியும் பாகிஸ்தான் மேல்தான் போகும். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பின்னால் இந்திய விமானக் கம்பெனிகளுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. அதனால் டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போகும் இந்திய விமானங்கள் தெற்கே சுற்றிப் போகவேண்டி வந்தது. பயண நேரம் கூடியது, சில விமானங்கள் எரிபொருளுக்காக நடுவில் இறங்கிப் போயின. காகிதத்தில் 160 கிலோமீட்டர் மிச்சம் காட்டிய வழி, ஆகாயத்தில் மணிக்கணக்கில் நீளலாம். டிக்கெட் எடுக்கும் வாரத்தில் நிலைமை எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் இந்த வழியைத் தொடவேண்டும். மற்றொன்று பனிமூட்டம். டிசம்பர், ஜனவரி விடிகாலைகளில் டெல்லியில் விமானங்கள் தாமதமாவது வருஷா வருஷம் நடக்கிறது. அந்த மாதங்களில் வயசானவர்களைத் தனியாக அந்த வழியில் அனுப்ப எனக்கு மனசு வராது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய காயமும் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் பெரியம்மாவை அமெரிக்கா அனுப்பியபோது, விலை குறைவாக இருக்கிறதே என்று உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாகவும் வெளிநாட்டு டிக்கெட்டைத் தனியாகவும் போட்டோம். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். அடுத்தது போய்விட்டது. இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு டிக்கெட்; நாங்கள் பொறுப்பில்லை என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா அந்தப் பெரிய நிலையத்தில் ஒரு நாற்காலியில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். போனில் அழவில்லை. "எனக்கொண்ணும் இல்ல, நீங்க பதறாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். புது டிக்கெட்டுக்கு நாங்கள் கொடுத்த பணம் பெரிதில்லை. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. எந்த வழியானாலும் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே டிக்கெட்டாக, ஒரே பதிவு எண்ணில் இருக்கவேண்டும். அப்படி இருந்தால் பெட்டி நேரே கடைசி ஊரில் வந்து சேரும், இடையில் விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றி அனுப்புவது கம்பெனியின் வேலை. எடையிலும் இது பெரிய விஷயம்: கனடாவுக்குப் பெரும்பாலும் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி அனுமதிக்கிறார்கள், தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் பொதுவாக 15 கிலோதான்.

இனி துபாய் வழியின் குறையையும் சொல்லவேண்டும். அது அந்தப் பதினாலு மணி நேரம். ஒரே இருக்கையில், முழங்கால் மடக்கி, பதினாலு மணி நேரம். லண்டன் வழியில் அது பதினொன்றும் எட்டுமாகப் பிரிந்து கிடைக்கிறது. நடுவில் இறங்கி நடக்கலாம், காலை நீட்டலாம். நான் ஒரு வாரம் உழன்றது இந்த இடத்தில்தான். சிலருக்கு, அதுவும் காலில் நரம்புச் சுருட்டலோ முன்பு ரத்தக்கட்டு வந்த வரலாறோ இருந்தால், பிரிந்த பயணமே நல்லதாக இருக்கலாம். அவர்கள் வைத்தியரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்கவே கூடாது.

அம்மாவின் வைத்தியரிடம் இரண்டு வழியையும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கேட்டது விமான நேரத்தை இல்லை, "வீட்டுலேருந்து கெளம்பி எத்தன மணி நேரம் இவங்க படுக்காம இருப்பாங்க?" என்று கேட்டார். முப்பது, நாற்பது என்று சொன்னேன். அந்தப் பத்து மணி நேர வித்தியாசம்தான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. பதினாலு மணிக்கு அவர் சொன்ன மருந்து எளிது: நடைபாதை ஓரத்து இருக்கை, முழங்காலுக்குக் கீழே இறுக்கமான காலுறை, தூங்காத நேரத்தில் மணிக்கு ஒரு தடவை எழுந்து கழிப்பறைவரை ஒரு நடை, உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தண்ணீர். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும், உள்ளே காற்றழுத்தமும் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் குறைந்திருக்கும். அழுத்தம் குறைவதால் வயிறு உப்பும், நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பதால் கால் வீங்கும். கழிப்பறைக்கு அடிக்கடி எழவேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் அம்மாமாரின் வழக்கம். அதை மட்டும் செய்யக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

இன்சுலின் கணக்கு தனி. மேற்கே போகும்போது பகல் நீளும். கோடையில் டொரண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். கிளம்பும் நாள் அம்மாவுக்கு 24 மணி நேரம் இல்லை, முப்பத்து மூன்றரை மணி நேரம். ஊசி எப்போது, எத்தனை யூனிட், இடையில் என்ன சாப்பிடவேண்டும் என்று வைத்தியர் இந்திய நேரத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். அம்மாவின் கைக்கடிகாரத்தை டொரண்டோவில் இறங்கும்வரை மாற்றக் கூடாது என்று முடிவு செய்தோம். மருந்து முழுவதும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. பெட்டிக்குள் போட்டால் சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் கெட்டுவிட வாய்ப்பு உண்டு, பெட்டி தாமதமானால் இன்னும் ஆபத்து.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. நாங்கள் எடுத்ததில் ராத்திரி 9 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 9.30-க்கு டொரண்டோ என்று போட்டிருந்தது. அம்மா விரல்விட்டு எண்ணி, "பன்னெண்டர மணி நேரந்தானா? கொள்ளாமே" என்று சந்தோஷப்பட்டாள். அந்தந்த ஊர் நேரத்தைத்தான் டிக்கெட்டில் போடுவார்கள் என்றும், ஒன்பதரையைக் கூட்டினால் 22 மணி நேரம் என்றும் விளக்கவேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால், பன்னிரண்டு மணி நேரம் கழிந்ததும் ஏன் இன்னும் வரவில்லை என்று நடுவானில் பயந்துபோவார்கள். திரும்பி வரும்போது மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக் காற்று பின்னால் தள்ளுவதால் டொரண்டோ–துபாய் ஒரு மணி நேரம்போல் குறையும். ஆனால் டிக்கெட்டில் ஒரு நாளுக்கு மேல் போனதாகத் தெரியும்.

பாஷையையும் கணக்கில் சேர்த்தேன், நம் மாவட்டத்துக்கு இது ஒரு தனி வசதி. சென்னையில் தமிழ் உண்டு, அது பெரிய பலம், மறுக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு ஆங்கிலமும் இந்தியும் தெரியாது, லண்டனிலோ டெல்லியிலோ தனியாக நின்றால் வாய் அடைத்துப்போகும். மலையாளம் அவளுக்கு நன்றாக வரும். 1956-வரை நாம் திருவிதாங்கூரிலும், பிறகு அது கொச்சியோடு சேர்ந்த திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் இருந்தவர்கள். அதற்குப் பிறகும் அப்பாவின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கும் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரிக்கும் வருஷக்கணக்கில் போய் வந்த பழக்கம். திருவனந்தபுரத்தில் யாரிடமும் கேட்டுக்கொள்வாள். துபாய் விமான நிலையத்திலோ, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதுபோல், சக்கர நாற்காலி தள்ளுகிறவர், கடையில் நிற்கிறவர், துப்புரவு செய்கிறவர் என்று பத்தடிக்கு ஒரு மலையாளியைப் பார்க்கலாம். "சேட்டா, டொரண்டோ பிளைட் எவிடெயா?" என்று அவள் கேட்டுக்கொள்வாள். இந்த ஒன்றுக்காகவே அந்த வழிக்கு நான் கூடுதல் மதிப்பெண் போட்டேன்.

சக்கர நாற்காலி கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால் கட்டணமில்லாமல் தருகிறார்கள். விமான வாசலிலிருந்து சோதனை, மாறும் வாயில், கடைசியில் பெட்டி எடுக்கும் இடம்வரை ஒருவர் கூடவே வருவார். படியும் நீண்ட நடையும் இல்லாமல் போகும். அம்மா முதலில் "நான் என்ன நொண்டியா?" என்று கோபப்பட்டாள். பெரிய நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து இன்னொன்றுக்குப் போவது தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடப்பதுபோல் இருக்கும் என்று சொன்னபிறகு சம்மதித்தாள்.

மாறும் நேரம் நாலு மணி என்று நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். ஒன்றே முக்கால் மணி இடைவெளியுடன் ஒரு டிக்கெட் இருந்தது, மொத்த நேரம் அதில் குறைவு. முதல் விமானம் ஒரு மணி தாமதமானால் நாற்காலிக்குக் காத்திருக்கும் அம்மாவுக்கு அது போதாது. ஒன்பது மணி இடைவெளியுடன் ஒன்று விலை குறைவாகக் கிடைத்தது. நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்காரவைக்க மனமில்லை. மூன்று மணிக்கும் நாலரை மணிக்கும் நடுவில் இருப்பதுதான் வயசானவர்களுக்குச் சரி என்பது என் முடிவு.

வளைகுடா வழிக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. 2024 ஏப்ரலில் பெருமழையில் துபாய் விமான நிலையமே தண்ணீரில் நின்றது. 2025 ஜூனில் கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது ஆயிரக்கணக்கானோர் வழியில் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் பதற்றம் இருக்கும் வாரத்தில் அம்மாவை அனுப்பமாட்டேன். தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுத்ததும் அதற்காகத்தான்.

விலை? நான் பார்த்த நாட்களில் சென்னை–லண்டன் வழி பன்னிரண்டாயிரம் ரூபாய்போல் குறைவாக இருந்தது. ரயில், சென்னையில் கார், வழியனுப்ப நான் கூடப்போய்த் திரும்பும் செலவு என்று போட்டால் பாதிக்கு மேல் கரைந்துவிடும். மீதிப் பணத்துக்காக அம்மாவைப் பத்து மணி நேரம் கூடுதலாக உட்காரவைப்பதா என்று தங்கச்சியிடம் கேட்டேன். "வேண்டாம் அண்ணா, நான் போட்டுக்கிடுதேன்" என்றாள்.

பெட்டியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். துபாய் இருக்கும் அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு அரைக்க நாம் சாதாரணமாக வைத்திருக்கும் அதே கசகசாதான். அங்கே போதைப்பொருள் கணக்கில் வரும். அங்கே மாறிப் போகிறவர்களும் அதைக் கையிலோ பெட்டியிலோ வைக்கவே கூடாது. மசாலாப் பொடி அரைத்துக் கொடுப்பவரிடம் கசகசா சேர்த்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. மூட்டுவலிக்கு என்ன மாத்திரை எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அம்மாவின் பையில் வைத்தேன். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வத்தலும் கருப்பட்டியும் வைத்திருக்கிறோம். உணவுப்பொருள் இருக்கிறது என்று கனடாவில் இறங்கும்போது மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். மட்டிப்பழம் ஒரு சீப்பு கொண்டுபோக அம்மா ஆசைப்பட்டாள். எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. திருவனந்தபுரத்திலிருந்து மெல்போர்னுக்கு நூல் பிடித்தால் 8,700 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகவோ கோலாலம்பூர் வழியாகவோ போனால் 9,130. அதே துபாய் வழியாகப் போனால் மேற்கே போய்த் திரும்பி 14,590! விலை குறைவு என்று அந்த வழியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். டொரண்டோவுக்கு நேர்வழியாக இருக்கும் துபாய், மெல்போர்னுக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் சுற்று. உருண்டையில் நூல் பிடித்துப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும்.

தேதி குறிக்கும்போது கடைசியாக ஒன்றைப் பார்த்தோம். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு (சாமி கடலில் நீராடும்) ஊர்வலம் ஐப்பசியிலும் பங்குனியிலும் சங்குமுகம் கடற்கரைக்குப் போவது விமான நிலைய ஓடுபாதை வழியாகத்தான். 1932-ல் நிலையம் வரும் முன்பே இருந்த பாதை அது. அந்த இரண்டு நாளும் சாயங்காலம் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுவார்கள். நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து விக்கிரகங்கள் திருவனந்தபுரம் கிளம்பும் நாட்களில் தக்கலை, குழித்துறை சாலை நகரவே நகராது. இரண்டையும் தவிர்த்து ஜூன் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்திருக்கிறோம். டொரண்டோவில் குளிர் இராது, காலை வெளிச்சத்தில் இறங்குவாள், தங்கச்சி நேரே வந்து அழைத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் கைப்பையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் ஆங்கிலத்தில்: பெயர், போகும் ஊர், தங்கச்சியின் போன் எண், சர்க்கரை, இன்சுலின், முழங்கால், சக்கர நாற்காலி. அதற்குக் கீழே அவளே பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "ஏறுவது 2, இறங்குவது 2." வண்டியைச் சாயங்காலம் மூன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறது.